டயானா 27 எயார் ரைபிள்: விற்பதா, வைத்திருப்பதா?

வெள்ளவத்தையில், கடலுக்கு மிக அருகில் உள்ள எங்கள் மாடிக் குடியிருப்பின் பூட்டிய அலுமாரிக்குள், பழைய சேலையொன்றில் சுற்றி வைத்திருந்த டயானா 27 எயார் ரைபிளை விற்பதா, தொடர்ந்து வைத்திருப்பதா என்று மூன்று மாதங்களாக யோசித்தேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன், கொழும்பு வீட்டுக்குள் துவக்கு எதற்கு, விற்றுவிடு என்றார். அவிசாவளையில் தென்னந்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல விலையும் சொன்னார். விலையைக் கேட்டு மயங்குவதற்கு முன், அப்பாவின் நினைவைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, கடையில் முதன்முதலாகப் பார்க்கும் ஒரு பொருளைப் போல அதைச் சோதித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

இது ஜேர்மனியின் ராஷ்டாட் நகரில் 1890 இல் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் தயாரிப்பு. காற்றை நெருக்கும் உருளையின் பின்புறத்தில் பொறித்திருக்கும் சிறிய எண்கள், என்னுடையது 1964 இல் செய்யப்பட்டது என்று காட்டுகின்றன. உருளையின் மேற்புறத்தில், வேட்டைத் தெய்வமான டயானா தன் வில்லைக் கீழே எறிந்துவிட்டு எயார் ரைபிளைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறாள். ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அப்பா வேலை செய்த காலத்தில், ஒன்பது வயதுச் சிறுமியான நான் அவளை எங்கள் தோட்டத்து மாரியம்மன் என்றே நம்பியிருந்தேன்.

குழலை மடக்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பின்னுக்கு அழுத்தப்படுகிறது; விசையை இழுத்ததும் அது பிஸ்டனை முன்னுக்குத் தள்ள, நெருக்கப்பட்ட காற்று 4.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டை வெளியே அனுப்புகிறது. இதற்குள் வெடிமருந்தும் இல்லை, வாயுக் குப்பியும் இல்லை. எடை இரண்டரைக் கிலோவுக்குச் சற்று அதிகம் என்பதால், வளரும் பிள்ளையும் தூக்கலாம், அறுபது கடந்த நானும் தூக்கலாம். இதன் உண்மையான சிறப்பு விசையில் இருக்கிறது. மூன்று சிறிய எஃகு உருண்டைகள் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் அந்த அமைப்பு, விரலுக்கு எந்த இடத்தில் விடுபடப் போகிறது என்பதை முன்கூட்டியே உணர்த்துகிறது. இன்று மலிவு விலையில் வரும் பல எயார் ரைபிள்களில் அந்தத் தெளிவு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் முதல் சோதனை துயரமாகவே முடிந்தது. நான் நம்பிக் கொடுத்த ஒரு திருத்துமிடத்தில், காய்ந்து போயிருந்த உள்ளுறுப்புகளை இளக்குவதற்காகச் சாதாரண இயந்திர எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டார்கள். முதல் குண்டோடு வெடிச் சத்தமும் புகையும் வந்தன. நெருக்கப்பட்ட காற்றின் சூட்டில் அந்த எண்ணெய் தீப்பற்றியிருக்கிறது. இப்படித் தொடர்ந்து சுட்டால் ஸ்பிரிங்கும் பிஸ்டனின் அடைப்பும் கெட்டுவிடும். அனுமதி பெற்ற வேறொரு திருத்துநர் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, காய்ந்து வெடித்திருந்த தோல் வாஷரை எடுத்துவிட்டு, நல்ல தோலில் புதிதாக ஒன்றை வெட்டிப் பொருத்தினார். அறுபது ஆண்டுப் பழைய இயந்திரம் ஒன்றின் உயிர் ஒரு துண்டுத் தோலில் இருப்பதும், அதைக் கையால் வெட்டிப் போட முடிவதும் எனக்கு மிகப் பெரிய ஆறுதலாக இருந்தன. ஸ்பிரிங்கும் வாஷரும் ஐரோப்பாவில் இன்னமும் செய்யப்படுகின்றன. குண்டு போடாமல் வெறுமனே விசையை இழுக்கக்கூடாது, மடக்கிய நிலையில் விட்டுவைக்கக்கூடாது என்று அவர் சொன்ன இரண்டும், அப்பா அன்றே சொல்லித் தந்தவை.

பின்னர் ஒரு பயிற்சித் தளத்தில் அனுமதி பெற்று, 10 மீற்றரில் சுட்டுப் பார்த்தேன். ஒலிம்பிக் போட்டியில் அதே தூரத்தில் பத்துப் புள்ளிக்குரிய வட்டம் வெறும் அரை மில்லிமீற்றர். அந்தத் தரத்தை இதனிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆயினும் பழைய இரும்புக் குறிகாட்டியை மட்டும் நம்பி நான் சுட்ட ஐந்து குண்டுகளில் நான்கு, ஒரு ரூபாய்க் குற்றியால் மறைக்கக்கூடிய இடத்துக்குள் விழுந்தன. விலகிப்போன ஐந்தாவது, என் கையின் பிழை.

கொழும்பில் இதை வைத்திருப்பதன் பெரிய இடர் உப்புக்காற்று. மலைநாட்டில் நாற்பது ஆண்டுகளில் வராத துரு, இங்கே அந்தச் சேலைக்குள் சில ஆண்டுகளில் குழலின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டது. துணியும் பஞ்சு வைத்த உறையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இப்போது மெல்லிய எண்ணெய் பூசி, ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு, உறையில்லாமல் பூட்டி வைக்கிறேன். தொட்ட ஒவ்வொரு முறையும் விரல் பட்ட இடத்தைத் துடைக்கிறேன்.

அனுமதிப்பத்திரம் இன்னொரு சுமை. துப்பாக்கிகள் தொடர்பான 1916 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது; மேசைக் கதிரை விற்பதைப்போலக் கைமாற்றிக் காசு வாங்க இயலாது. அப்பா இந்த விடயத்தில் மிகக் கண்டிப்பானவர். 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது ஒரு முறையும் 1983 யூலைக் கலவரத்துக்குப் பின் இன்னொரு முறையும் இதைத் தாமாகவே பொலிஸில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கினார். இரண்டு முறையும் பொறுமையாக அலைந்து திரும்பப் பெற்றார். அவிசாவளைக்காரரோ, "காகிதமெல்லாம் பிறகு பார்ப்போம் அக்கா" என்றார். குரங்குகளைச் சுடுவதும், தொலைநோக்கி பொருத்த உருளையில் துளையிடுவதும் அவருடைய எண்ணம். குரங்குகள் தென்னைக்குச் செய்யும் அழிவை நான் அறிவேன், அவருடைய கோபம் நியாயமானதே. ஆனால் இந்தச் சிறிய குண்டு குரங்கைக் காயப்படுத்தி நாட்கணக்கில் வதைக்குமே தவிர, தோட்டத்தைக் காப்பாற்றாது. அந்த வேலைக்கு இதை எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே விற்கவில்லை. நினைவுக்காக மட்டும் என்றால் அந்த இரண்டு பற்றுச்சீட்டுகளே எனக்குப் போதும். துவக்கை வைத்திருப்பது, அது இன்னமும் நேராகச் சுடுகிறது, நானும் மாதம் ஒரு முறையாவது தளத்துக்குப் போக முடிகிறது என்பதற்காக. சுடுவதற்கு இடமில்லாதவர்களும், துடைத்து வைக்கப் பொறுமையில்லாதவர்களும் இதே மாதிரியை வைத்திருந்தால், துரு முற்றுமுன் முறைப்படி விற்றுவிடுவதே அந்தப் பொருளுக்குச் செய்யும் நன்மை என்று நினைக்கிறேன். எனக்கும் கண் மங்கும் நாள் வரும். அன்று இதை, சொந்த அனுமதிப்பத்திரத்தோடு வரும், இலக்கு அட்டையில் மட்டுமே சுடும் ஒருவருக்கு, துளையிடக்கூடாது என்று கேட்டுக்கொண்டு கொடுக்கும்படி ஒரு தாளில் எழுதி, அப்பாவின் பற்றுச்சீட்டுகளோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.