மஞ்சள் மண்டிக்கு ஒரு விலைப் பக்கம்: பிஎச்பியா, பைத்தானா, நோட் ஜேஎஸ்ஸா?

"காலேஜில் பைத்தான் சொல்லித் தர்றாங்க, வீடியோல எல்லாம் நோட் ஜேஎஸ் படிங்கறாங்க, வேலைக்குப் போய்ப் பார்த்தா பிஎச்பி தெரியுமான்னு கேக்கறாங்க, எதைத்தாங்கண்ணா படிக்கிறது?" பெருந்துறையில் இருக்கும் சித்தி பையன் போன மாதம் கேட்ட கேள்வி இது. வாயில் வந்ததைச் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. பிஎச்பியும் பைத்தானும் நிரல் எழுதும் மொழிகள், நோட் ஜேஎஸ் என்பது ஜாவாஸ்கிரிப்ட் மொழியைச் சர்வரில், அதாவது பக்கத்தை அனுப்பும் கணினியில் ஓட்டும் கருவி. அதனால் ஒரே பக்கத்தை மூன்று மொழியிலும் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அவனுக்குப் பதில் சொன்னேன்.

பக்கம் பெரிய விஷயம் இல்லை. ஈரோட்டில் மாமாவின் மஞ்சள் மண்டிக்கு அன்றன்றைய விலை: விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் குவிண்டாலுக்குக் குறைந்த விலை, அதிக விலை, கையிருப்பு எத்தனை மூட்டை. முன்பெல்லாம் எச்டிஎம்எல் (பிரவுசர் படித்துக் காட்டும் பக்க வடிவம்) ஃபைலைத் திறந்து தினமும் எண்ணை மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மறந்தால் நேற்றைய விலை நிற்கும், விவசாயி அதை நம்பி வண்டி ஏற்றிவிடுவார். டைனமிக் பக்கம் என்றால் அந்த ஃபைலை நாம் தொடுவதில்லை. கணக்குப்பிள்ளை விலையை ஒரு ஃபார்மில் போடுவார், அது விவரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸுக்குப் போகும், யாராவது பக்கத்தைக் கேட்கும்போது சர்வரில் இருக்கும் நிரல் அதை எடுத்து அந்த நிமிஷத்தில் எச்டிஎம்எல் ஆக்கி அனுப்பும். பிரவுசருக்குப் போய்ச் சேருவது எப்படியும் எச்டிஎம்எல்தான். அது எந்த மொழியில் சமைத்தது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

பிஎச்பியில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சர்வரில் இணையப் பக்கம் எழுதுவதற்காகவே பிறந்த மொழி இந்த மூன்றில் அது ஒன்றுதான். ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன்னுடைய சொந்தப் பக்கத்துக்காக 1994-இல் எழுத ஆரம்பித்து 1995-இல் வெளியே விட்டார். அந்த வீட்டு வேலைக் குணம் இன்னும் அதில் இருக்கிறது. எச்டிஎம்எல் நடுவிலேயே நிரலை எழுதலாம், ஃபைலை ஃபோல்டரில் போட்டால் ஓடும், வருஷ வாடகை குறைவான சாதாரண ஹோஸ்டிங்கே (பக்கத்தை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் இடம்) போதும். மண்டிப் பக்கம் அன்று மதியமே ஓடிவிட்டது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு. ஒவ்வொரு முறை பக்கம் கேட்கப்படும்போதும் நிரல் முதல் வரியில் இருந்து ஓடி, வேலை முடிந்ததும் நினைவில் இருந்ததை எல்லாம் துடைத்துவிடும். அடுத்த ஆளுக்கு மறுபடி முதலில் இருந்து. கேள்வி வந்தது, பதில் போனது, அவ்வளவுதான் இணையம் என்பது புதிதாகப் படிக்கிறவனுக்குக் கண் முன்னால் தெரிகிறது. ஒரு பக்கத்தில் பிழை இருந்தாலும் மற்ற பக்கங்கள் பாட்டுக்கு ஓடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிஎச்பிக்கு இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதி பழைய சரக்கு. டேட்டாபேஸோடு பேச அவற்றில் சொல்லியிருக்கும் பழைய ஃபங்ஷன்கள் 2015-இல் வந்த 7-ஆம் பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டன. ஃபார்மில் வந்ததை அப்படியே டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்விக்குள் ஒட்டு என்று இன்னமும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. விலைப் பெட்டியில் விலைக்குப் பதில் ஒருவன் டேட்டாபேஸ் கட்டளையை எழுதினால் மொத்தக் கணக்கும் போய்விடும். கேள்வியைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் அனுப்புகிற வழி பிடிஓ-வில் (டேட்டாபேஸோடு பேச பிஎச்பியில் இருக்கும் கருவி) இருக்கிறது, முதல் நாளே அதைத்தான் படிக்க வேண்டும். 8-ஆம் பதிப்பைச் சொல்லிக் கொடுக்காத பாடத்தை மூடி வைத்துவிடுங்கள்.

பைத்தான் 1991-இல் வந்தது, அதைப் பிறப்பித்தவர் கைடோ வான் ராஸம். இணையத்துக்காக எழுதப்பட்ட மொழி இல்லை. பக்கம் எழுத ஃபிளாஸ்க் அல்லது ஜாங்கோ என்று ஒரு தயார் நிரல் தொகுப்பு வேண்டும். ஜாங்கோ, அமெரிக்காவின் கான்ஸாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி 2005-இல் பொதுவுக்கு வந்தது. தினமும் அவசரமாகச் செய்தி ஏற்றுகிறவர்களுக்காகச் செய்ததால் விவரம் போடுகிற நிர்வாகப் பக்கம் தானாகவே கிடைக்கிறது. பிஎச்பியில் கணக்குப்பிள்ளைக்காக லாகின், ஃபார்ம், திருத்தும் பக்கம் என்று நான் இரண்டு நாள் எழுதியதை ஜாங்கோ பத்து வரிக்குள் கொடுத்துவிட்டது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஃபார்மில் வரும் எழுத்தைப் பக்கத்தில் காட்டும்போது தீங்கான குறிகளைச் செயலிழக்கச் செய்வதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது, பிஎச்பியில் அதை நாம்தான் மறக்காமல் செய்ய வேண்டும். சிக்கல் எங்கே என்றால் பக்கத்தை வெளியே ஏற்றும்போது. சாதாரண ஹோஸ்டிங்கில் பல இடத்தில் பைத்தான் ஒழுங்காக ஓடாது, தனியாக ஒரு சர்வர் எடுத்து அதை நாமே பராமரிக்க வேண்டி வரும். முதல் பக்கம் எழுதுகிற பையன் அந்த இடத்தில் மலைத்து நின்றுவிடுகிறான், பல பேரைப் பார்த்துவிட்டேன்.

ஜாவாஸ்கிரிப்டை பிரெண்டன் ஐக் 1995-இல் பத்து நாளில் எழுதினார், பிரவுசருக்காக. 2009-இல் ரயான் டால் நோட் ஜேஎஸ் கொண்டு வந்த பிறகு அது சர்வரிலும் பரவலாக ஓட ஆரம்பித்தது. பிரவுசருக்கு எப்படியும் ஜாவாஸ்கிரிப்ட் படித்தாக வேண்டும், அதனால் ஒரே மொழியில் பிரவுசருக்கும் சர்வருக்கும் எழுதலாமே என்பது நியாயமான பேச்சு. ஆனால் இங்கே நிரல் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், எல்லாருடைய கேள்விக்கும் ஒரே வரிசைதான். ஒரு கனமான கணக்கில் அது மாட்டிக்கொண்டால் மற்ற எல்லாரும் காத்திருப்பார்கள். பிடிக்காமல் விட்ட ஒரு பிழை மொத்தத்தையும் நிறுத்திவிடும். சங்ககிரியில் லாரி ஆபீஸ் வைத்திருப்பவருக்கு எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று நொடிக்கு நொடி திரையில் மாற வேண்டும் என்றால் நான் யோசிக்காமல் நோட் என்பேன். நாளுக்கு இரண்டு முறை மாறும் மஞ்சள் விலைக்கு அது தேவையில்லை.

சரி, அடிப்படைக்கு வருவோம். ஒரு சின்னச் சோதனை. டேட்டாபேஸில் இருப்பு 40 மூட்டை, அது எண். ஃபார்மில் 25 என்று போடுகிறார்கள், அது எழுத்தாகத்தான் வரும். இரண்டையும் + போட்டுக் கூட்டினால் பிஎச்பி 65 என்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 4025 என்கிறது. பைத்தான் எண்ணையும் எழுத்தையும் கூட்ட மாட்டேன் என்று பிழை சொல்லி நின்றுவிடுகிறது. பார்த்ததும் பிஎச்பிதான் நல்லது என்று தோன்றும். ஆனால் அவசரத்தில் "25 மூட்டை" என்று ஒருவர் எழுதினாலும் பிஎச்பி ஒரு எச்சரிக்கையோடு 65 என்றே கொடுக்கும், அந்த எச்சரிக்கை திரையில் வராமல் பிழைகளைக் குறித்து வைக்கும் லாக் ஃபைலில் கிடக்கும். கூட்டல் கணக்கில் எனக்குப் பைத்தான்தான் நல்ல வாத்தியார். எந்த மொழியானாலும் ஃபார்மில் வந்ததை முதலில் எண்ணா என்று பார்த்து, மாற்றி, அப்புறம்தான் கூட்ட வேண்டும்.

தமிழில் பக்கம் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. "மஞ்சள்" என்ற சொல்லின் நீளம் என்ன? நமக்கு நான்கு எழுத்து. பிஎச்பியின் சாதாரண ஃபங்ஷன் 18 என்று சொல்லும், அது பைட்டை (கணினியின் சேமிப்பு அலகு) எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டும் பைத்தானும் 6 என்று சொல்லும், புள்ளியைத் தனியாக எண்ணுவதால். சரியாக 4 வேண்டுமென்றால் பிஎச்பியில் இன்டில் என்ற இணைப்பும், ஜாவாஸ்கிரிப்டில் செக்மென்டர் என்ற கருவியும் இருக்கின்றன, பைத்தானுக்கு ஓப்பன் தமிழ் போல வெளி நூலகம் போட்டுக்கொள்ள வேண்டும். பெயரை இருபது எழுத்தோடு வெட்டிக் காட்டும் பக்கங்களில் தமிழ் பாதியில் உடைந்து கேள்விக்குறியாகத் தெரிவது இதனால்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகு பையனிடம் சொன்னது: மாமா பக்கத்தைப் பிஎச்பியில் எழுது. உனக்கு வேலை கிடைத்து நீ சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால் அதைப் பார்த்துக்கொள்ள ஈரோட்டிலேயே ஆள் கிடைக்கும், சர்வரை யாரும் தினமும் கவனிக்க வேண்டியதில்லை. பைத்தானை விட்டுவிடாதே, திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்கள் எக்செல் எக்செல்லாக வைத்திருக்கும் ஆர்டர் கணக்கைப் பிரித்துக் காட்டும் வேலை வந்தால் அதற்குத் தனி மதிப்பு. நோட், பிரவுசர் ஜாவாஸ்கிரிப்ட் கை வந்த பிறகு.

அவன் இப்போது கடைசி 30 நாள் விலையை வரிசையாகக் காட்டும் பக்கத்தில் இருக்கிறான். தேதியை 15-01-2025 என்று எழுத்தாகச் சேமித்திருந்தான். அப்படி வைத்து வரிசைப்படுத்தினால் 02-02-2025 அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும், டேட்டாபேஸில் தேதிக்கென்றே இருக்கிற வகையில் வை என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன். அது மூன்று மொழிக்கும் பொது.