தமிழ் கன்டென்ட் ரைட்டிங் வேலைன்னு யாராவது போன் பண்ணா, முதல்ல இதப் படிச்சிருங்க

18,600 ரூபா. இது எனக்கு வரவேண்டிய காசு, வரல, இனிமே வரும்னு நம்பிக்கையும் இல்ல. வீட்டுக்காரருக்கே முழு கணக்கு போன மாசம் தான் சொன்னேன். வெக்கமா தான் இருக்கு, ஆனா எழுத வெச்சு என்ன ஏமாத்தின அதே ஆள் இப்பவும் ஆள் எடுத்துட்டு இருக்கார்னு கேள்விப்பட்டேன், அதனால எழுதறேன்.

நான் பெங்களூர்ல அல்சூர் பக்கம் இருக்கேன். 2012ல இருந்து சும்மா ஆசைக்கு பிளாக் எழுதிட்டு இருந்தவ தான், 2018ல தமிழுக்கும் கூகுளோட விளம்பரக் காசு, அதான் ஆட்சென்ஸ், வந்தப்ப அடேங்கப்பா இனி காசா கொட்டப்போகுதுன்னு நெனச்சு கொஞ்ச நாள் ராத்திரி பகலா எழுதினேன், வந்தது மொபைல் ரீசார்ஜுக்கு கூட பத்தல, அது தனிக்கதை. குழந்தை பொறந்து பிபிஓ வேலைய விட்டதுக்கப்புறம் தான் அடுத்தவங்களுக்கு எழுதிக் கொடுத்து சம்பாதிக்கலாமேன்னு தேட ஆரம்பிச்சேன்.

2024 மார்ச்ல ஒரு போன். இங்க ஊரே தண்ணி இல்லாம டேங்கருக்கு அலைஞ்சுட்டு இருந்த நேரம். "அக்கா, உங்க பிளாக் பாத்தேன், செமயா எழுதறீங்க, எங்களுக்கு தமிழ்ல எழுத ஆள் வேணும்"னு ஒரு பையன். கோரமங்கலால ஏஜென்சியாம், ஓசூர்க்காரனாம், எங்க அம்மா வீடு கிருஷ்ணகிரின்னதும் "அட, நம்ம பக்கம் தானா"ன்னான். அவ்ளோ தான், நான் விழுந்துட்டேன். இந்த ஊர்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், வெளில ஒருத்தர் தமிழ்ல பேசினாலே நம்ம ஆளுன்னு மனசு எளகிடும். அட்வான்ஸ் கேக்கல, அக்ரிமென்ட் கேக்கல, தம்பி தம்பின்னு பேசிட்டு இருந்தேன்.

முதல்ல மூணு சாம்பிள் கேட்டான். ஒவ்வொண்ணும் ஆயிரம் வார்த்தை, தலைப்பும் அவனே கொடுத்தான், காசு கிடையாது. கிளையன்ட்டுக்கு காட்டணும்னு சொன்னான், சரின்னு எழுதினேன். அப்புறம் வார்த்தைக்கு 60 பைசான்னு பேசி ஏப்ரல்ல எட்டு கட்டுரை கொடுத்தேன், 4,800 ஆச்சு, அதுல டிடிஎஸ், அதாவது நம்ம பேர்ல இன்கம் டாக்ஸுக்கு முன்கூட்டியே பிடிக்கறது, 10 பர்சன்ட் 480 பிடிச்சுட்டு 4,320 சொன்ன தேதிக்கு அக்கவுண்ட்ல போட்டுட்டான். டிடிஎஸ் எல்லாம் பிடிக்கறான்னா பெரிய கம்பெனி தான்னு நான் சந்தோஷப்பட்டேன் பாருங்க, அந்த 480 தான் எனக்குப் போட்ட தூண்டில்.

மே மாசம் 14 கட்டுரை, ஜூன்ல 17. காசு வரல. கேட்டா "கிளையன்ட் அப்ரூவல் பென்டிங்க்கா", அடுத்த வாரம் "அக்கவுன்ட்ஸ் பொண்ணு லீவு", அதுக்கடுத்து ஒரு ஸ்க்ரீன்ஷாட், உங்க கட்டுரை 70 பர்சன்ட் ஏஐ எழுதினதுன்னு டூல் சொல்லுது, கிளையன்ட் ரிஜெக்ட் பண்ணிட்டாங்கன்னு. எனக்கு தலை சுத்திருச்சு. குழந்தைய தூங்க வெச்சுட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தட்டினது மெஷின் எழுதினதாம். ஒரு சந்தேகத்துல என் பிளாக்ல 2014ல எழுதின பதிவு ஒண்ண எடுத்து அதே டூல்ல போட்டேன், எங்க பாட்டி வடகம் போடறதப் பத்தி எழுதினது, அதுவும் பாதிக்கு மேல ஏஐன்னு வந்துச்சு. சாட்ஜிபிடி வந்ததே 2022 நவம்பர்ல. அத அனுப்பி இதுக்கு என்ன தம்பி சொல்றன்னு கேட்டேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல.

அப்புறம் தான் என் சாம்பிள்ல இருந்து ஒரு வரிய அப்படியே கூகுள்ல போட்டுப் பாத்தேன். இருக்கு! தண்ணி மிச்சம் பண்றதப் பத்தின கட்டுரை, எங்க பால்கனில ஓட்டை குக்கர்ல வெச்ச கறிவேப்பிலைச் செடிக்கு ஆர்ஓ வேஸ்ட் தண்ணி ஊத்துவேன்னு எழுதியிருந்தேன், அந்த ஓட்டை குக்கர் உட்பட அப்படியே இருக்கு, எழுதினவர் பேர் மட்டும் யாரோ. மூணாவது பாரால நான் நெடில் விட்டு "தண்ணிர்"னு அடிச்சிருந்தேன், அதக்கூட திருத்தல. காசு கொடுக்காம வாங்கின சாம்பிள வித்திருக்கான்.

நேர்லயே போய்க் கேப்போம்னு இன்வாய்ஸ்ல இருந்த அட்ரஸுக்கு கிளம்பினேன். இங்க பொம்பளைங்களுக்கு சக்தி ஸ்கீம்ல பஸ் ஃப்ரீ, அந்த செலவாவது மிச்சம். போனா அது கோ-வொர்க்கிங் ஆபீஸ், ரிசப்ஷன் பொண்ணு "அவரு இல்லி பரல்லா மேடம்"னுச்சு, அவர் இங்க வர்றதே இல்லயாம். அட்ரஸ மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கானாம், கடுதாசி வந்தா வாங்கி வெப்பாங்களாம். டேபிள்ல அவன் பேருக்கு கவர் ஒரு கட்டு கிடந்துச்சு, எல்லாம் என்ன மாதிரி ஆளுங்க அனுப்பினதோ என்னவோ.

செப்டம்பர்ல ஆடிட்டர் ஒருத்தர்கிட்ட போனேன். அவர் முதல்ல கேட்டதே 26ஏஎஸ் பாத்தீங்களான்னு தான். இன்கம் டாக்ஸ் சைட்ல நம்ம பேன் நம்பர வெச்சு லாகின் பண்ணா யாரு எவ்ளோ டிடிஎஸ் நம்ம பேர்ல கட்டியிருக்காங்கன்னு காட்டும். ஏப்ரல்லருந்து ஜூன் வரைக்குமான கணக்கு ஜூலை கடைசிக்குள்ள போட்டிருக்கணுமாம், என் பேர்ல ஒண்ணுமே இல்ல. 480 அவன் பாக்கெட்டுல. அதவிட, அவ்ளோ சின்னத் தொகைக்கு பிடிக்கவே வேண்டியதில்லையாம், இந்த மாதிரி ஃபீஸுக்கு வருஷத்துக்கு 30,000 தாண்டினா தான் அப்ப கணக்கு, 2025 ஏப்ரல்ல இருந்து அத 50,000 ஆக்கிட்டாங்க. ஆரம்பத்துலயே 10 பர்சன்ட் பிடிச்சா சந்தோஷப்படாதீங்க, மூணு நாலு மாசம் கழிச்சு 26ஏஎஸ் பாருங்க.

இன்னொண்ணும் சொன்னார். நம்மள மாதிரி சின்னதா தொழில் பண்றவங்களுக்கு உத்யம்னு ஒரு அரசாங்கப் பதிவு இருக்கு, ஆதாரும் பேனும் போதும், காசு கிடையாது (இதுக்கே 2,000 கேக்கற சைட்டுங்க இருக்கு, ஏமாறாதீங்க). அது இருந்தா 45 நாளைக்கு மேல காசு இழுத்தடிக்கறவங்க மேல அரசாங்கத்துகிட்ட ஆன்லைன்ல கம்ப்ளைன்ட் போடலாம், வட்டியும் கேக்கலாம். ஆனா வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே பதிஞ்சிருந்தா தான் நிக்கும்னார். நான் எங்க பதிஞ்சேன்.

கட்டுரை விஷயத்துல மட்டும் கொஞ்சம் ஜெயிச்சேன். நான் அங்க சம்பள ஆள் இல்ல, உரிமைய எழுதியும் கொடுக்கல, அதனால காப்பிரைட் என்கிட்ட தான்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க. சாம்பிள் அனுப்பின மெயில் தேதியோட அந்த சைட்ட ஹோஸ்ட் பண்ற கம்பெனிக்கு எழுதினேன், பத்து நாள்ல ரெண்டு கட்டுரைய தூக்கிட்டாங்க. ஓட்டை குக்கர் இன்னும் அங்கயே தான் இருக்கு.

விவேக் நகர் ஃப்ரெண்டு கதை இதவிட மோசம். டைப்பிங் வேலைன்னு 1,500 ரிஜிஸ்ட்ரேஷன் கட்டி, அப்புறம் தப்பு ஜாஸ்தி, காண்ட்ராக்ட மீறிட்டீங்க, 6,000 கட்டுங்க இல்லன்னா கோர்ட்டுன்னு வக்கீல் பேர்ல வாட்ஸ்அப்ல நோட்டீஸ். அவ பயந்து கட்டப்போனா, நான் தான் போனப் புடுங்கி சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடவெச்சேன். வேலை கொடுக்கறவன் நம்மகிட்ட காசு கேட்டா அங்கயே கட் பண்ணிடுங்க.

இப்ப நான் சாம்பிள் கேட்டா என் பிளாக் லிங்க அனுப்பறேன், புதுசா எழுதணும்னா பாதி காசு முன்னாடி. போன வாரம் ஒருத்தர் போன்ல "என்ன மேடம், தமிழங்களுக்குள்ள நம்பிக்கை இல்லையா"ன்னார். இல்லைங்கன்னேன். யோசிச்சு சொல்றேன்னு வெச்சார், இன்னும் யோசிச்சுட்டு தான் இருக்கார் போல.