முன் ஹப்பில் கப் சுற்றினால்: பஞ்ச், பசை, புஷ், பழைய ஹப், எது நிற்கும்?

பழைய மஹிந்திரா போர்வீல் ஜீப் வைத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "முன்னாடி வீல் பேரிங் மாத்தி ஆறு மாசம்கூட ஆகல, மறுபடியும் ஊளையிடுது, எந்தக் கம்பெனி பேரிங் போடலாம்?" பேரிங் கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் ஹப்பை, அதாவது பேரிங் உட்காரும் சக்கர மையத்தை, கொஞ்சம் பாருங்கள். எனக்கும் இது லேசில் உறைக்கவில்லை. வலது முன் சக்கரத்துக்கு ஒரே வருடத்தில் இரண்டு செட் போட்டாச்சு, மூன்றாவது செட்டோடு பட்டறையில் நிற்கும்போதுதான் மெக்கானிக் பழைய கப்பை (பேரிங்கின் வெளி வளையம்) சுத்தியலே இல்லாமல் கட்டைவிரலால் தள்ளி எடுத்ததைக் கவனித்தேன். அது அப்படி வரவே கூடாது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இது புரியாமல் வழிகளை ஒப்பிட முடியாது. இந்த அச்சில் ஸ்பிண்டில் என்ற தண்டு சும்மா நிற்கும், ஹப்தான் சக்கரத்தோடு சுற்றும். சுற்றுகிற பக்கம் இருக்கும் கப், ஹப்பில் அதற்கென்று கடைந்த கூட்டுக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும், அதாவது கூட்டின் விட்டம் கப்பைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு சின்னதாக இருக்க வேண்டும். நிற்கிற பக்கம் இருக்கும் கோன் (பேரிங்கின் உள் வளையம்) ஸ்பிண்டில் மேல் கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறும், அப்படித்தான் ஏற வேண்டும். கோன் லூசாக இருக்கிறதே என்று பயந்து ஸ்பிண்டிலைப் பஞ்ச் உளியால் குத்திவைத்த வண்டியை நானே பார்த்திருக்கிறேன். நோய் ஓரிடம், மருந்து ஓரிடம்.

சரி, வண்டியில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஜாக்கி போட்டு, கட்டாயம் ஸ்டாண்டும் வைத்துவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு ஹப்பில், அப்படியும் ஆடினால் கிங்பின்னில், அதாவது சக்கரம் திரும்பும் கீல் முளையில். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராடு (ஸ்டியரிங் இணைப்புக் கம்பி) பக்கம் போங்கள். ஹப்தான் என்று முடிவானாலும் அது வெறும் பேரிங் தேய்மானமா, கப் சுற்றுகிறதா என்பது அடுத்த கேள்வி. நட்டை இறுக்கினால் ஆட்டம் போய் நாலு நாளில் திரும்பி வருகிறது என்றால் இரண்டாவதைச் சந்தேகப்படலாம். கழற்றினால் கப்பின் முதுகு கண்ணாடி மாதிரி பளபளக்கும், கூட்டுக்குள் காவி நிறத்தில் பொடி ஒட்டியிருக்கும்.

அதற்கும் மேலே உறுதி வேண்டும் என்று நான் ஓர் ஆணியை எடுத்து, கப்பின் விளிம்பிலிருந்து ஹப் வரை ஒரே கோடாகக் கீறிவிட்டு, கிரீஸ் வைத்து மூடி, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து திறந்து பார்த்தேன். கப்பில் இருந்த கோடு ஹப்பில் இருந்த கோட்டைவிட்டு இரண்டு விரல் தள்ளிப் போயிருந்தது. அதற்குப் பிறகு வாதமே இல்லை.

இனி வழிகளைப் பார்ப்போம். பஞ்ச் குத்துவதுதான் நம் பட்டறைகளில் முதல் யோசனை. கூட்டின் உள்சுவரில் சென்டர் பஞ்சால் வரிசையாகக் குத்தினால் குத்திய இடத்தைச் சுற்றி இரும்பு மேடு தட்டும், கப் அதில் கவ்விக்கொண்டு நிற்கும். காசே ஆகாது, கால் மணி நேர வேலை. ஆனால் கப் அந்த மேடுகளின் நுனியில் மட்டும்தான் நிற்கிறது, கப் கடினமான எஃகு, ஹப் மெத்தென்ற இரும்பு. மேடுகள் சீக்கிரமே நசுங்கிவிடும். போதாக்குறைக்கு, கப்பின் சுவர் மெல்லியது, தாங்கும் இடம் எப்படி இருக்கிறதோ அதே வடிவத்துக்கு அதுவும் வளையும், ரோலர் அதன்மேல் குதித்துக்கொண்டு ஓடும். கொழுக்குமலைப் பாதையில் பாதி தூரத்தில் மாட்டிக்கொண்டால் சூரியநெல்லி வந்து சேர்வதற்கு இது போதும். அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

பசை என்று நான் சொல்வது லாக்டைட் வகைப் பிடிப்புத் திரவங்களை. இதைப் பலர் கேலி செய்வார்கள், எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. அளந்துபார்த்துப் போட்டால் நன்றாகவே நிற்கும். லாக்டைட்டில் 641 என்ற ரகம் பேரிங்குக்கென்றே வருவது, ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் வேலை செய்யும். அதைத் தாண்டினால் 660, அது 0.5 வரை நிரப்பும், ஆனால் அவ்வளவு இடைவெளியில் முழுசாக இறுக அதற்கான ஆக்டிவேட்டரும் (இறுகலைத் தூண்டும் திரவம்) சேர்த்து அடிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சமும் இருக்கக் கூடாது, ஒரு நாள் வண்டியைத் தொடக் கூடாது. மலை இறக்கத்தில் பிரேக் ட்ரம் கொதித்து ஹப் வரை சூடேறும் வண்டிகளுக்கு 150 டிகிரி என்ற அதன் வரம்பும் நினைவில் இருக்கட்டும். இதன் உண்மையான குறை வேறு: பசை இடைவெளியை நிரப்புமே தவிர கப்பை நடுமையத்துக்குக் கொண்டுவராது. கூடு ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் பரவாயில்லை. என்னுடையது ஒரு பக்கம் 0.15, குறுக்கே அளந்தால் 0.3, அதாவது முட்டை வடிவம். அதில் பசை போட்டால் கப் கோணலாகவே இறுகிப் போகும், அப்புறம் அதைக் கழற்ற டார்ச் வைத்துச் சூடாக்க வேண்டியிருக்கும்.

புஷ், அதாவது கூட்டுக்குள் இறக்கும் உலோக வளையம், போடுவது லேத் பட்டறை வேலை. கூட்டைப் பெரிதாகக் கடைந்து, எஃகுப் புஷ்ஷைக் குளிரவைத்து, ஹப்பைச் சூடாக்கி இறக்கி, ஆறிய பிறகு உள்ளளவைக் கப்புக்கு ஏற்றபடி கடைவார்கள். முறையாகச் செய்தால் புது ஹப்புக்குச் சமம். செய்கிற கையைப் பொறுத்தது என்பதுதான் சிக்கல். உள் பேரிங் கூடும் வெளி பேரிங் கூடும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும், கப் போய் முட்டும் படியும் மிஞ்ச வேண்டும். நான் முதலில் போன இடத்தில் கெட்டுப்போன கூட்டை மட்டும் லேத்தின் சக்கில் (பிடிப்பான்) கட்டிக் கடைவதாகச் சொன்னார்கள், திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் நான் வாயைத் திறக்கும் முன்பே அவர், "அண்ணே, இன்னொரு கூடு நல்லா இருக்குல்ல, அதுக்கு டயல் வெச்சு ஓட்டம் பாத்துட்டுத்தான் இதுல கை வைப்பேன்" என்றார். டயல் என்பது நூலளவு ஆட்டத்தையும் காட்டும் அளவுக் கருவி. அந்த ஒரு வாக்கியம் போதும். ஹப்பின் சுவர் ஏற்கெனவே மெல்லியதாக இருந்தாலோ முடி விரிசல் தெரிந்தாலோ இந்த வழியை விட்டுவிடுங்கள். கூட்டுக்குள் வெல்டிங் வைத்துக் கடைகிறேன் என்பவரிடமும் கொடுக்க வேண்டாம்.

பழைய ஹப் தேடுவதென்றால் சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம். விலை புஷ் வேலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், அலைச்சல் கூடுதல். போகும்போது உங்கள் கப்பைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடையிலேயே கூட்டில் வைத்துப் பாருங்கள், தட்டினால்தான் இறங்க வேண்டும், தானாக விழுந்தால் அதுவும் உங்கள் ஹப்பின் தம்பிதான். ஸ்டட் இடைவெளி, ஆயில் சீல் அளவு, லாக்கிங் ஹப் (முன் சக்கரத்தை அச்சோடு இணைத்து விடுவிக்கும் பூட்டு) மாட்டும் போல்ட் மரைகள் மூன்றையும் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். புது ஹப் கிடைத்தால் அதையும் இதே மாதிரி சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

இடையில் ஒன்று. இந்தக் கப், கோன் தொல்லையே வேண்டாம், மொத்தமாகக் கழற்றி மாற்றும் யூனிட் பேரிங்தான் நல்லது என்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ராம் 2500 (முன்பு டாட்ஜ் ராம்) பிக்கப்பில் அதுதான் வருகிறது. அங்கே ஒரு கூட்டம் கைக்காசு செலவழித்து அதைக் கழற்றி எறிந்துவிட்டு, நம் ஜீப்பில் இருப்பது போன்ற டேப்பர் பேரிங்கும் கையால் திருகும் லாக்கிங் ஹப்பும் மாட்டிக்கொள்கிறது.

நான் புஷ் போட்டேன். கூடு முட்டையாகிவிட்டதால் பசை கழிந்தது, என் மாடலுக்கு உக்கடத்தில் இரண்டு ஹப் பார்த்தேன், இரண்டிலும் கப் தானாக விழுந்தது. மாட்டும்போது சக்கரம் பிடிக்கும் வரை நட்டை இறுக்கி, ஆறில் ஒரு சுற்று பின்னால் விட்டு, லாக் வாஷரை மடக்கினோம். ஹப் உள்ளேயும் வெளியேயும் எவ்வளவு ஆடுகிறது என்று டயல் வைத்தபோது 0.08 மில்லிமீட்டர் காட்டியது, 0.025 முதல் 0.125 வரை இருக்கலாம் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு மழைக்காலம் ஓடியாச்சு, ஊளை இல்லை. இடது பக்கக் கப்பிலும் ஆணியால் கோடு கீறி வைத்திருக்கிறேன், அடுத்த முறை கிரீஸ் மாற்றும்போது திறந்து பார்க்க வேண்டும்.