புது லைட் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறதா? "ஆர்சிசிபி கெட்டுப்போச்சு" என்றால் நம்பாதீர்கள்

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், கேடிசி நகர் பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். புதிதாக மாட்டிய சீலிங் லைட்டின் சுவிட்சைத் தட்டியதும் வீடு மொத்தமும் கரண்ட் போகிறது, வந்த எலக்ட்ரீஷியனோ ஆர்சிசிபியை (கரண்ட் கசிந்தால் தானாக அறுத்துவிடுகிற, மெயின் போர்டில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) மாற்ற வேண்டும் என்கிறார் என்றால், காசை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் இப்படித்தான் காசும் போய், அம்மா ஷாக்கும் வாங்கினார்கள்.

டவுனில் ஒரு கடையில் 18 வாட் எல்இடி லைட் வாங்கினோம். மாட்டுவதற்கு ஆளையும் கடைக்காரரே அனுப்பினார். லைட் வேண்டிய இடத்தில் முன்பு பாயிண்ட் கிடையாது, அதனால் ஃபேனுக்கு வந்த பைப்பிலிருந்து வயர் எடுத்துக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் மெயின் போர்டில் ஆர்சிசிபி டப்பென்று விழுந்தது. தூக்கிவிட்டால் ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஓடுகிறது, இந்த லைட்டைப் போட்டால் மட்டும் விழுகிறது. "பழைய பீஸு அக்கா, வீக் ஆயிட்டு" என்று சொல்லி, இரண்டாயிரத்துச் சொச்சத்துக்குப் புதிது வாங்கிவந்து போட்டார், பில் இல்லை. கழற்றிய பழையதையும் பைக்குள் போட்டுக்கொண்டார். புதியதும் விழுந்தது. அப்புறம் போர்டைத் திறந்து கொஞ்ச நேரம் என்னவோ செய்தார், லைட் எரிந்தது. "இனி விழாதுக்கா, வோல்டேஜ் ஏறி இறங்குதுல்லா, அதான்" என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வைகாசி வெயிலில் ஒருநாள் சாயங்காலம் அம்மா ஃபிரிட்ஜைத் திறக்கப்போய்க் கையை உதறினார்கள், சுருசுருவென்று இழுக்கிறதாம். வாஷிங் மெஷினைத் தொட்டாலும் அப்படியே. அந்த ஆளுக்குப் போன் போட்டால், "ஈரக் கையோட தொட்டா எல்லா வீட்லயும் அப்படித்தான்க்கா." இந்தப் பதிலை யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒழுங்கான எர்த்தும் ஆர்சிசிபியும் இருக்கிற வீட்டில் ஃபிரிட்ஜ் ஷாக் அடிக்கக் கூடாது, கை ஈரமோ காய்ந்ததோ.

மேலப்பாளையத்தில் பல வருஷமாக வயரிங் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் வந்ததும் ஆர்சிசிபியில் 'டி' என்று போட்டிருக்கும் சின்ன பட்டனை அமுக்கினார். கரண்ட் போயிருக்க வேண்டும், போகவில்லை. மெயினை அணைத்து மூடியைக் கழற்றினால், உள்ளே வயர்கள் ஆர்சிசிபிக்குள் நுழையாமல் அதன் அடியிலேயே நேராக முறுக்கி டேப் சுற்றியிருக்கின்றன! நாங்கள் காசு கொடுத்து வாங்கிய புது ஆர்சிசிபி போர்டில் வெறும் பொம்மையாக உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் லைட்டை இறக்கினார். கனெக்டரின் ஒரு பக்கம் சிவப்பு வயர், அது கரண்ட் வருகிற ஃபேஸ், சரி. இன்னொரு பக்கம் கறுப்பு, கரண்ட் திரும்புகிற நியூட்ரல் என்று பார்த்தால், நுனியில் மட்டும் கறுப்பு டேப் இரண்டு சுற்று. நகத்தால் கீறிக் காட்டினார், உள்ளே பச்சை. "ம்மா, இது எர்த்து வயருல்லா. பைப்புக்குள்ள ஸ்பிரிங் விட்டு நியூட்ரல் வயர் இழுக்கச் சோம்பப்பட்டு எர்த்தைக் கொடுத்திருக்கான். தெரியாம செஞ்சவன் டேப் சுத்த மாட்டான்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது அந்த டேப்பைப் பார்த்துத்தான்.

விஷயம் இதுதான். ஃபேஸில் போகிற கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று ஆர்சிசிபி பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர், ஏறக்குறைய அந்த அளவு குறைந்தாலே அறுத்துவிடும். 230 வோல்ட்டில் 18 வாட் லைட் இழுப்பது சுமார் 80 மில்லி ஆம்பியர், அது முழுவதும் எர்த்தில் போனால் எத்தனை ஆர்சிசிபி மாற்றினாலும் விழத்தான் செய்யும். அதாவது எங்கள் பழைய ஆர்சிசிபி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. புதியதையும் ஒதுக்கிவிட்டு வயரை நேராக முறுக்கியதும் லைட்டின் கரண்ட் எர்த் வயரில் ஓட ஆரம்பித்தது. எங்கள் பகுதி சரள் மண், கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், குழி இழுக்காத கரண்ட் எர்த் கொடுத்த எல்லாச் சாமானின் உடம்பிலும் ஏறி நிற்கும். போர்டில் எம்சிபி என்கிற இன்னொரு சுவிட்ச்தான் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான். ஆள் உயிரை எடுக்கிற அளவு கரண்ட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

"டெஸ்டர் வச்சுப் பார்த்தாச்சு, சரியா இருக்கு" என்பதையும் நம்ப வேண்டாம். டெஸ்டர் ஃபேஸில்தான் எரியும், நியூட்ரலில் வைத்தாலும் எர்த்தில் வைத்தாலும் பொதுவாக எரியாது, இரண்டையும் பிரித்துக் காட்டாது. லைட்டை மூடுவதற்கு முன் கனெக்டரைக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பும் கறுப்பும் போக வேண்டிய இடத்தில் பச்சை போயிருந்தால் காரணம் கேளுங்கள், டேப் சுற்றியிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அவர் கண்முன்னே 'டி' பட்டனை அமுக்குங்கள். கரண்ட் போகாவிட்டால் கூலி கொடுக்காதீர்கள். கம்பியாள் (வயர்மேன்) சான்று வைத்திருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம், அரசாங்கம் தேர்வு வைத்துக் கொடுக்கிற சான்றுதான் அது.

அண்ணாச்சி அன்றைக்கே ஸ்பிரிங் விட்டுக் கறுப்பு வயர் இழுத்து, ஆர்சிசிபியை ஒழுங்காக இணைத்து, எர்த் குழியில் தண்ணீர் ஊற்றவும் சொல்லிப் போனார். இப்போது லைட் எரிகிறது, ஆர்சிசிபி விழவில்லை, ஃபிரிட்ஜும் அடிக்கவில்லை.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "ஆள் அனுப்புனது ஒரு உதவிக்கும்மா, கடைக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை" என்கிறார். அந்த ஆள் போனே எடுப்பதில்லை. பில் இல்லாவிட்டாலும் பணம் போனில் அனுப்பிய விவரமும், பச்சை வயரைப் படம் எடுத்ததும் கையில் இருக்கின்றன, நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கப் போகிறேன். கடை அனுப்பிய ஆள் உங்கள் வீட்டில் லைட் மாட்டிப் போயிருந்தால், இன்றைக்கே அந்த பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். கரண்ட் போகாவிட்டால் வேறொரு நல்ல எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்த லைட்டைப் போடாதீர்கள், பிள்ளைகளை ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பக்கம் விடாதீர்கள்.