மர்த்சிஷோர் வாங்கும்போது முதலில் கயிற்றைப் பாருங்கள்

பிப்ரவரி கடைசி வாரத்தில் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட்டின் மெட்ரோ வாசல்களிலும் நடைபாதைகளிலும் மர்த்சிஷோர் விற்கும் மேசைகள் வரிசை கட்டிவிடும். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு. அதில் அதிர்ஷ்டச் சின்னமாக ஒரு நான்கிலைக் குளோவர் இலையோ, பொறிவண்டோ, லாடமோ, ஏணி சுமந்த புகைபோக்கித் துப்புரவாளரோ தொங்கும். வசந்தத்தை வரவேற்கும் நாளான மார்ச் 1 அன்று இதைப் பெண்களுக்குக் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் இடப்பக்க மார்பில் குத்திக்கொள்வார்கள். நாட்டின் வடகிழக்கில், மொல்தாவியாப் பகுதியில், ஆண்களுக்கும் கொடுப்பது வழக்கம். அந்தப் பக்கத்து நண்பர் இருந்தால் அவருக்கும் ஒன்று சேர்த்து வாங்குங்கள்.

பெரும்பாலோர் தொங்கும் பொம்மையைப் பார்த்து வாங்குகிறார்கள். அது பிழை. மர்த்சிஷோர் என்பது அந்தக் கயிறுதான். 19ஆம் நூற்றாண்டு வழக்கத்தில் கயிற்றில் கோத்தது வெள்ளிக் காசு, வசதி இருந்தால் பொற்காசு. பிள்ளைகள் அதைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ கட்டியிருப்பார்கள். பிறகு அந்தக் காசில் சிவப்பு ஒயினும் ரொட்டியும் புதுச் சீஸும் வாங்குவதுண்டு. முகம் சீஸ்போல் வெளுப்பாகவும் ஒயின்போல் சிவப்பாகவும் இருக்கவேண்டும் என்பது வேண்டுதல். காசு செலவாகிவிடும், கயிறு கடைசியில் பூத்த மரக்கிளைக்குப் போகும். 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் ருமேனியா, மால்டோவா, பல்கேரியா, வடக்கு மாசிடோனியா நான்கும் சேர்ந்து பதிவுசெய்த மார்ச் 1 வழக்கங்களிலும் பொதுவானது இந்தச் சிவப்பு வெள்ளை நூலே.

நடைபாதை மேசையில் அட்டையில் குத்தி விற்கும் மலிவு ரகத்தில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, கயிறு பிரிவது. இரண்டு இழைகளை ஒரே திசையில் சேர்த்து முறுக்கி வெட்டிவிட்டால், முனை அவிழ்ந்ததும் முறுக்கு முழுவதும் கழன்றுவிடும். இழைகள் ஒரு திசையிலும், அவை ஒன்றையொன்று சுற்றுவது எதிர்த் திசையிலும் இருந்தால்தான் கயிறு தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். வழவழப்பான பாலியஸ்டரில் இந்தத் தவறு உடனே தெரியும். கம்பளி நூல் சொரசொரப்பால் ஓரளவு தாங்கும். சோதிப்பது எளிது: குஞ்சத்துக்கு மேலே இரு விரலால் பிடித்துத் தளர்த்துங்கள். வரிகள் அகன்று பிளந்தால் வேண்டாம்.

இரண்டாவது, சாயம். மார்ச் தொடக்கத்தில் ஈரப்பனி விழும். சிவப்பு கசிந்து வெள்ளை இழை இளஞ்சிவப்பாகிவிடும், வெளிர் நிறக் கோட்டும் கறைபடும். நனைத்த வெள்ளைத் துணியால் சிவப்பு இழையை அழுத்தி எடுத்தால் தெரிந்துவிடும். மூன்றாவது, சூடான பசையால் ஒட்டிய ஊசி. குளிரில் அந்தப் பசை விறைத்து, வழுவழுப்பான பீங்கானிலிருந்தும் உலோகத்திலிருந்தும் விட்டுவிடுகிறது. கயிற்றின் கண்ணியிலேயே சேஃப்டி பின் கோத்த ரகம் பல மடங்கு மேல். கம்பளிக் கோட்டுக்கு 2 செ.மீ.க்குக் குறைந்த ஊசி போதாது.

நல்லதை வாங்க எங்கள் முதல் பரிந்துரை, கிசெலெஃப் சாலை 3ஆம் எண்ணில் உள்ள ருமேனிய விவசாயி அருங்காட்சியகத்தில் பிப்ரவரி இறுதியில் நடக்கும் மர்த்சிஷோர் சந்தை. செய்தவரே விற்கிறார், அதனால் எந்த நூல், எப்படி முறுக்கியது என்று கேட்கலாம். சுட்ட மண், மரம், கண்ணாடி, ஃபெல்ட் என்னும் அழுத்திய கம்பளித் துணி, மணிக்கோவை எனப் பொருள்கள் நிறைய. விலை மேசைக்கு மேசை மாறும், நடைபாதையைவிட அதிகம்தான். வேலைக்கு அது தகும். கடைசி நாள் நெரிசலில் எதையும் கையில் எடுத்துப் பார்க்க முடியாது, தொடக்கத்திலேயே போய்விடுங்கள். கம்பளியில் செய்த ஆண், பெண் பொம்மை இரட்டை கண்ணில் பட்டால், அது பல்கேரியாவின் மார்ச் 1 சின்னமான மார்த்தெனித்சா. பிஷோ, பெந்தா என்று பெயர். அழகானதே, ஆனால் ருமேனிய வழக்கமல்ல.

கயிற்றை மட்டும் நீங்களே செய்வதானால், ஒரே தடிமனில் சிவப்பு 35 செ.மீ., வெள்ளை 35 செ.மீ. நூல் எடுத்து முனையோடு முனை முடியுங்கள். ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையை ஒரே திசையில் முறுக்குங்கள். சற்றுத் தளர்த்தினால் நூல் தானாகச் சுருண்டு கொக்கிபோல் மடங்க வேண்டும், அதுதான் அளவு. பிறகு நடு முடிச்சைப் பிடித்து, இழுவிசை குறையாமல் இரு முனைகளையும் சேர்த்து, முடிச்சுப் பக்கத்தைச் சிறிது சிறிதாக விட்டால் சிவப்பும் வெள்ளையும் சாய்வரிகளாகச் சுற்றிக்கொள்ளும். குஞ்சத்துக்கு விட்டது போக ஏறக்குறைய 25 செ.மீ. கிடைக்கும். மொத்தமாகக் கைவிட்டால் முண்டு முண்டாகும். இரண்டு நிறத்தையும் சேர்த்துப் பிடித்து முறுக்கி மடித்தால் வரி வராது, புள்ளி புள்ளியாகக் கலங்கித் தெரியும். ஒரு நிறம் மற்றதை மூடினால் நூல்களின் தடிமன் ஒத்துவரவில்லை.

கூடவே பூங்கொத்து கொடுப்பதானால் ஒற்றைப்படை எண்ணிக்கை. இரட்டைப்படை சாவு வீட்டுக்கு உரியது. மார்ச் 1 முதல் 9 வரை நாட்டுப்புறக் கதையில் வரும் கிழவி தோகியாவின் நாட்கள். அவற்றில் ஒன்றைத் தனக்கென முன்பே தேர்ந்துகொண்டு, அன்றைய வானிலையை வைத்து ஆண்டு எப்படி இருக்கும் என்று பார்ப்பார்கள். அதற்குக் கடையில் வாங்க ஒன்றும் இல்லை.

மர்த்சிஷோரைச் சிலர் மாதம் முழுக்க அணிவார்கள்; சிலர் முதல் மரம் பூக்கும்வரை. பிறகு பூத்த கிளையில் கட்டுவது வழக்கம், பெரும்பாலும் பழமரத்தில். கம்பளியும் பருத்தியும் மழையில் நைந்து உதிரும். பாலியஸ்டர் உதிராது, கிளை பருக்கும்போது பட்டையை அறுக்கும். ஆகவே உலோகப் பொருளையும் ஊசியையும் கழற்றிவிட்டு, கயிற்றை மட்டும், உள்ளே ஒரு விரல் நுழையும் தளர்ச்சியோடு கட்டுங்கள்.