திங்க்பாட் டி480: ஒரே லப்டொப், மூன்று திரை

2018 இல் வந்த லெனோவோவின் திங்க்பாட் டி480 ஐப் பாவித்ததாக வாங்கப் போகிறவர்கள் ஐ5 ஆ ஐ7 ஆ, ரேம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். ரேமைப் பிறகும் கூட்டலாம். கிளிநொச்சி அறிவியல்நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை நாலு வருசமும் பார்த்துக்கொண்டிருக்கப் போவது திரையை. இந்த மொடல் மூன்று விதத் திரையோடு வந்தது. நிறுத்தி வைத்தால் மூன்றும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

முதலாவது 1366×768 புள்ளி, டிஎன் என்ற மலிவான திரை வகை. விலை குறைவென்று இதை எடுக்க வேண்டாம். மேலே இருந்து பார்த்தால் வெளிறும், கீழே இருந்து பார்த்தால் இருண்டு நிறம் புரளும். 14 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 112 புள்ளிதான் விழுகிறது. ஆங்கில எழுத்து ஒருவாறு தப்பிவிடும். சின்ன எழுத்தில் தமிழ் படித்தால் 'ண' வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டும், மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் தலையோடு கலந்துவிடும். தமிழில் தட்டச்சு செய்கிறவருக்கு அரை மணித்தியாலத்தில் கண் உளையும்.

இரண்டாவது 1920×1080, ஐபிஎஸ் என்ற நல்ல வகை. அங்குலத்துக்கு 157 புள்ளி, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரி. குறை நிறத்தில் இருக்கிறது: திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதை அளக்கும் என்டிஎஸ்சி கணக்கில் 45 வீதம், எஸ்ஆர்ஜிபி என்ற மற்றக் கணக்கில் 60 வீதம் சொச்சம். குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாய்த் தெரியும். பாடக் குறிப்பு, எக்செல், கோடிங்குக்கு அது பெரிதில்லை. கலியாண அல்பம் திருத்துகிறவர் இதை நம்பி அச்சுக்குக் கொடுக்கக் கூடாது. அவருக்கு 72 வீத என்டிஎஸ்சி வேண்டும்.

மூன்றாவது 2560×1440, ஐபிஎஸ். நிறமும் கூர்மையும் மற்ற இரண்டையும் விட நல்லது. பற்றரி கொஞ்சம் கூடப் போகும்.

வன்னியில் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும், வெளிச்சம். அதை நிட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்: 1080 திரை 250 நிட்ஸ், 1440 திரை 300. அறைக்குள் இரண்டும் தாராளம். விறாந்தையில், முற்றத்து மணலில் பட்டு வெயில் தெறிக்கிற நேரம், 250 போதாது, 300 சமாளிக்கும், 400 இருந்தால்தான் சுகமாக வேலை செய்யலாம். மூன்றிலும் பளபளப்பில்லாத மேற்பூச்சு இருப்பது பெரிய ஆறுதல். புதிய ஓலெட் லப்டொப்களில் கறுப்பு அருமை, ஆனால் பெரும்பாலானவை கண்ணாடித் திரை. அதே விறாந்தையில் உங்கள் முகம்தான் தெரியும்.

கடையில் பார்க்கும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பற்றரியில் ஓடும்போது இன்டெல்லின் மின்சேமிப்பு திரையைத் தானாக மங்கச் செய்யும். கரண்ட் நின்றால் நீங்கள் பார்க்கப் போவதும் அதைத்தான். இன்டெல் கிராபிக்ஸ் செட்டிங்கில் அதை நிறுத்தலாம். அடுத்து, முழுக் கறுப்புப் படம் போட்டு ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். முழு வெள்ளையில், பையில் நசுங்கிய இடம் வெளிறிய திட்டாகத் தெரியும், அது மாறாது. மூடியை அசைக்கத் திரை மினுக்கினால் பெரும்பாலும் கேபிள்தான் பழுது, திரை அல்ல.

கடைக்காரர் ஐபிஎஸ் என்று சொன்னால் விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் மொனிட்டரின் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். ஏயுஓ, பிஓஇ, எல்ஜிடி, சிஎம்என் போன்ற, திரை செய்த கம்பெனியைக் குறிக்கும் எழுத்துகளும் பின்னால் இலக்கமும் எழுத்தும் கலந்த நாலு குறியும் இருக்கும். அதைத் தேடினால் திரையின் சரியான மொடல் இலக்கம் கிடைக்கும். ஏயுஓவின் பி140 எச்ஏஎன் ஐபிஎஸ் போன்றது. பி140 எச்டிஎன் 1080 ஆனாலும் டிஎன். பழைய திரையைக் கழற்றி வேறொன்று போட்டிருந்தால் இங்கேதான் பிடிபடும்.

768 திரையோடு ஏற்கெனவே வாங்கிவிட்டால், தொடுதிரை இல்லாத 1080 திரைக்கு அதே 30 பின் கேபிள் போதும். 1440 போட 40 பின் கேபிளும் வாங்க வேண்டும். மாற்றுவதற்கு முன், லப்டொப் தொடங்கும்போது திறக்கிற பயோஸ் செட்டிங்கில் உள் பற்றரியை நிறுத்தி, வெளிப் பற்றரியையும் கழற்றுங்கள். கரண்ட் இருக்கும்போது கேபிளை இழுத்தால் பலகையில் திரையின் பின்வெளிச்சத்துக்கான பியூஸ் போய்விடலாம், போனால் புதுத் திரையும் இருட்டாகவே இருக்கும்.