பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பேக்கப்

திருநெல்வேலி ஜங்ஷனில் சின்னதாக ஒரு கணக்கு ஆபீஸ் வைத்திருக்கிறேன். பலசரக்கு மொத்த வியாபாரி, பாத்திரக்கடை, உரக்கடை என்று அறுபது பேருக்கு மேல் ஜிஎஸ்டியும் வருமான வரியும் பார்க்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கணக்கு எழுதுகிற டேலி மென்பொருளில் இருந்த இவர்கள் எல்லோருடைய கணக்கும் ஒரே நாளில் போயிற்று. வெள்ளத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாமிரபரணி அது, 92 வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். என் கோபமெல்லாம் 'வெள்ளமே வந்தாலும் டேட்டா பத்திரம்' என்று சொல்லி வருஷத்துக்கு 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டவர்கள் மேல்தான்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஏஎம்சி, அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்த கடை அது. 2020-ல் அங்கிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல பேச்சு. "அண்ணாச்சி, பென்டிரைவ்ல காப்பி எடுத்து அதே மேஜை டிராயர்ல வச்சா அது பேக்கப்பா? ஆபீஸ்ல தீப்பிடிச்சா ரெண்டும் சேர்ந்துல்லா போவும்" என்றார். நியாயமான பேச்சுதானே. தினமும் ராத்திரி பத்து மணிக்கு எங்கள் டேட்டா தானாகவே அவர்களுடைய 'டேட்டா சென்டருக்கு'ப் போய்விடும், காலையில் மெயில் வந்துவிடும் என்றார். பில்லில் 'ஆஃப்சைட் பேக்கப், 1 வருடம்' என்று அச்சடித்தே கொடுத்தார்கள். ஆஃப்சைட் என்றால் வேறு இடத்தில் இருக்கிற நகல். அந்த டேட்டா சென்டர் எந்த ஊரில், எந்தத் தெருவில் என்று நான் கேட்கவில்லை. நாலு வருஷமாகக் கேட்கவில்லை.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை என்றால் அப்படி ஒரு மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் உபரி நீரைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் ஜங்ஷன் பக்கமே போக முடியவில்லை. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றியே தண்ணீர் நின்றது.

புதன்கிழமைதான் ஷட்டரைத் தூக்கினேன். கணுக்கால் வரை சேறு. மேஜைக்கடியில் இருந்த சிபியூக்கள் சாய்ந்து கிடந்தன. பீரோ கதவு திறக்கவே இல்லை; உள்ளே இருந்த ஃபைல்கள் தண்ணீர் குடித்து உப்பிப்போய்க் கதவை உள்ளிருந்து அடைத்துக்கொண்டிருந்தன. கடப்பாரை போட்டுத்தான் பிளந்தோம். இவ்வளவையும் பார்த்துக்கொண்டு, நம்ப மாட்டீர்கள், நான் தெம்பாகத்தான் நின்றேன். பக்கத்துக் கடை அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, "நமக்கு ஆஃப்சைட்ல இருக்கு அண்ணாச்சி" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

கடைக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். இரண்டு நாள் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை நேரில் கிளம்பினேன். சுலோசன முதலியார் பாலத்துக்கு இந்தப் பக்கம் என் ஆபீஸ், அந்தப் பக்கம் அவர்கள் கடை. நடந்தே போய்விடலாம். போய்க்கொண்டிருக்கும்போதுதான், பாலத்தின் நடுவில், மனசில் லேசாக ஒரு உறுத்தல். டேட்டா சென்டர் எங்கே?

கடையின் பின்பக்க அறைதான் டேட்டா சென்டர். தரைத்தளம். சுவரில் சேற்றுக்கோடு என் மார்பு உயரத்துக்கு இருந்தது. எங்கள் எல்லோருடைய பேக்கப்பும் இருந்த நாஸ் பெட்டி (ஹார்ட்டிஸ்க்குகளை அடுக்கி நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி), யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் இருந்ததாம். என் ஆபீஸில் புகுந்த அதே ஆறு, அதே ராத்திரி, அங்கேயும் புகுந்திருக்கிறது. நான் நாலு வருஷமாகக் காசு கொடுத்தது ஒரே ஆற்றின் இரண்டு கரைக்கு.

இதற்கு மேல்தான் வயிற்றெரிச்சல். பெட்டியிலிருந்து ஹார்ட்டிஸ்க்குகளைக் கழற்றி, மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து, அப்புறம் ஒரு ராத்திரி அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். "ஈரத்த இழுத்துரும் அண்ணாச்சி, நீங்க பயப்படாதீய" என்றார் அந்தத் தம்பி. காய்ந்ததும் மின்சாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். என் கண் முன்னாலும் ஒருமுறை போட்டுக் காட்டினார். டிக், டிக், டிக் என்று பல்லி கத்துகிற மாதிரி சத்தம். அவ்வளவுதான்.

சென்னையில் ஒரு டேட்டா மீட்பு லேபுக்குக் கூரியரில் அனுப்பிய பிறகுதான் விஷயம் புரிந்தது. சாதாரண ஹார்ட்டிஸ்க்கில் காற்றழுத்தம் சமமாவதற்கு ஒரு நுண்ணிய துவாரம் இருக்கும். வெள்ள நீர் அதன் வழியாக உள்ளே போகும். தண்ணீரோடு வண்டலும் போகும். ஈரமாக இருக்கும்வரை அதைக் கழுவி எடுக்க வழி உண்டு. காயவிட்டால் டேட்டா பதிந்திருக்கிற தட்டின் மேல் படிந்து இறுகிவிடும். அந்த நிலையில் சுழலவிட்டால், தட்டை உரசாமல் அதன் மேல் மிதந்தபடி டேட்டாவைப் படிக்க வேண்டிய ஹெட் அந்த வண்டலில் இடித்துத் தட்டையே கீறிவிடும். ஆகவே வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்கைக் காயவைக்காதீர்கள், திறக்காதீர்கள், சுவிட்சைப் போடாதீர்கள். ஈரத்தோடேயே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ லேபுக்கு அனுப்புங்கள். 'அப்படியே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம்' என்றார்கள் லேபில்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த டிஸ்க் நனையாமல் இருந்திருந்தாலும் எனக்குப் பெரிதாக எதுவும் கிடைத்திருக்காது. காலை மெயில்கள் அப்படியே இன்பாக்ஸில் இருந்தன. என் ஜூனியர் பெண் ஒருநாள் உட்கார்ந்து வரிசையாகத் திறந்து பார்த்தாள். ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை ஒவ்வொரு மெயிலிலும் 'வெற்றி', ஒவ்வொன்றிலும் 6.8 ஜிபி. ஒரு புள்ளிகூட ஏறவில்லை. ஏப்ரலில் அவர்களே வந்து கம்ப்யூட்டர் மாற்றியபோது டேலி டேட்டா வேறு ஃபோல்டருக்குப் போயிருக்கிறது. பேக்கப் மட்டும் பழைய ஃபோல்டரையே தினமும் விசுவாசமாக எடுத்து வந்திருக்கிறது. அந்த மெயில்களை நானும்தான் ஒருநாள்கூடத் திறந்து பார்க்கவில்லை.

சண்டை போட்டேன். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். மூன்றாம் பக்கத்தில், எறும்பு ஊர்வது மாதிரி எழுத்தில்: வெள்ளம், புயல், நிலநடுக்கம் முதலிய இயற்கைச் சீற்றங்களால் ஏற்படும் தரவு இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல. எதற்காகக் காசு வாங்கினார்களோ அதையே விலக்கி வைத்திருக்கிறார்கள்! அதற்குக் கீழே, எந்த நிலையிலும் இழப்பீடு ஒரு வருஷக் கட்டணத்தைத் தாண்டாது என்று இன்னொரு வரி. தெரிந்த வக்கீல் படித்துவிட்டு, "கையெழுத்து உங்களுடையதுதானே?" என்று மட்டும் கேட்டார். கடைசியில் மீதி மாதங்களுக்கு என்று 4,500 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள்.

கணக்கை எப்படி மீட்டோம்? ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்த ஆர்1, அதாவது விற்பனை ரிட்டர்ன் இருந்தது. கொள்முதலுக்கு 2பி, அதாவது நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்துத் தளமே தருகிற பட்டியல் இருந்தது. பேங்க் ஸ்டேட்மென்ட் கிடைத்தது. இவற்றை வைத்து விற்பனை, கொள்முதலை நிமிர்த்திவிட்டோம். வரி கட்டித் தாக்கல் செய்கிற நவம்பர் மாத 3பி ரிட்டர்னுக்கு எங்கள் மாவட்டங்களுக்கு ஜனவரி 10 வரை அவகாசம் கொடுத்தார்கள், அதனால் மூச்சு விட முடிந்தது. ஆனால் சரக்கு இருப்பு, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, ரொக்கச் செலவு இவை எந்தத் தளத்திலும் இல்லை. உரக்கடைக்காரர் ஒருவருக்கு ஊரில் நின்ற கடன் பாக்கியெல்லாம் அந்த டேலியில் மட்டும்தான் இருந்தது. வாங்கியவர்கள் தாங்களாக வந்து சொன்ன தொகையை எழுதிக்கொண்டார். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

2011 சுனாமியில் ஜப்பானில் மினாமிசன்ரிக்கு, ஒனகவா, ரிக்குசென்தகதா, ஒட்சுச்சி ஆகிய நான்கு ஊர்களின் குடும்பப் பதிவேடுகளும் கடலோடு போயின. பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் பதிந்து வைக்கிற ஏடு அது. அதன் நகல் ஊராட்சிக் கட்டடத்தில் இல்லாமல் சட்ட அலுவலகத்தில் தனியாக இருந்ததால் திரும்ப உருவாக்கினார்கள். பேக்கப் விற்கிற நம் கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் 'மூன்று காப்பி, ஒன்று வெளியே' என்று பாடமாகச் சொல்வார்கள். அந்த 'வெளியே' எந்த ஆற்றங்கரையில் என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, போய்ப் பாருங்கள். எந்த மாடி, பெட்டி தரையில் இருக்கிறதா, அலமாரியில் இருக்கிறதா, 2023-ல் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து டீக்கடையில் விசாரியுங்கள். கிளவுட் என்றால் எந்த நகரம் என்று கேளுங்கள். அமேசானுக்கு மும்பையிலும் இருக்கிறது, ஹைதராபாத்திலும் இருக்கிறது. அப்புறம், அவர்கள் முன்னாலேயே ஏதாவது ஒரு கடையின் போன மாதக் கணக்கைத் திருப்பி எடுத்துத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் இப்போது தினசரிக் காப்பியை மும்பை கிளவுடில் போடுகிறேன். மாதம் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஒரு டிஸ்க் மதுரையில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறது. முதலில் தென்காசியில் மச்சான் வீட்டில் வைக்கலாம் என்றுதான் இருந்தேன். அதே டிசம்பரில் அங்கேயும் மழை வெளுத்து வாங்கியது ஞாபகம் வந்ததும் விட்டுவிட்டேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஜூனியர் பெண் சீட்டு குலுக்கி ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து, அதன் கணக்கை கிளவுடிலிருந்து இறக்கித் திறந்து பார்க்கிறாள். போன மாதம் பாத்திரக்கடை வந்தது. திறந்தது, கடைசி பில் முந்தின நாள் சாயங்காலத்தது.